இடது மணிக்கட்டு

காப்பீட்டுக் கம்பெனி கொடுத்த கடிகாரம்.
தினம் எட்டாயிரம் அடி நடந்தால்
பிரீமியத்தில் நூற்றுக்கு ஐந்து குறையுமாம்.
பெட்டியைப் பிரித்ததும்
அது கேட்ட முதல் கேள்வி
பிறந்த தேதி.

ஜூன் ஒன்று, எழுபத்து மூன்று என்று போட்டேன்.
தாராவி முனிசிபல் பள்ளியில்
எங்கள் வகுப்பில் பாதிப்பேர்
ஜூன் ஒன்றாம் தேதிதான் பிறந்தோம்.
வீட்டுக் கணக்கில் நான் இரண்டு வயது மூத்தவள்.
அதற்குச் சான்றிதழ் கிடையாது.

கடிகாரத்தின் கணக்கு எளிது.
இருநூற்றிருபதில் வயதைக் கழிக்கும்.
மிச்சம்தான் என் இதயத்துக்கு உச்சவரம்பு.
அதன் பாதியிலிருந்து மேலே
ஐந்து மண்டலமாகப் பிரித்து
ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்.
பிறந்தநாளுக்கு ஒரு துடிப்பு பிடித்தம்,
பி.எஃப். மாதிரி,
ஆனால் ரிட்டயரானாலும் திரும்ப வராது.
அட்மிஷன் போட்ட வாத்தியார்
எனக்கு இரண்டு துடிப்பு
கூடுதலாக எழுதிவைத்திருக்கிறார்.
புண்ணியவான்.

முதல் நாள் இடது கையில் கட்டினேன்.
அடியில் பச்சை விளக்கு மினுக்கியது.
தோலுக்குள் புகும் பச்சையை ரத்தம் குடிக்கும்.
குடித்தது போகத் திரும்பி வருவதை
அது அளந்துகொண்டே இருக்கும்:
ரத்தம் பாயும் நொடியில் கொஞ்சம் குறையும்,
வடியும் நொடியில் கொஞ்சம் கூடும்.
இவ்வளவுதான் வித்தை.

சயான் கோட்டைப் படியில் பாதி ஏறி
மூச்சுவாங்க நின்று பார்த்தால்
எண் இருக்கவேண்டிய இடத்தில்
இரண்டு கோடு.
வைஷாலி காய்க்வாட் எட்டிப் பார்த்து
"செத்துட்டியாடி?" என்றாள் மராத்தியில்.

என் மணிக்கட்டில் ஏற்கெனவே ஒரு பச்சை இருக்கிறது.
பதினெட்டு வயதில், மாஹிம் மேளாவில்,
பேட்டரி ஊசியால் குத்தியது.
குத்தியவனுக்குத் தமிழ் தெரியாது.
பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்ததைப்
படமாகப் பார்த்து வரைந்தான்.
தவசி.
நடு எழுத்து கொஞ்சம் சாய்ந்துவிட்டது.
என் வீட்டுக்காரருக்கு வேறு பெயர்.
இருபத்தெட்டு வருஷமாய்ப் பார்க்கிறார்.
வாசித்ததாகக் காட்டிக்கொண்டதில்லை.

பச்சை ஒளிக்கு அந்தப் பச்சையைத் தாண்டத் தெரியவில்லை.

வலது கைக்கு மாற்றினேன்.
அங்கே உயிரோடு இருந்தேன்.
கோட்டைப் படி, இரண்டாம் மண்டலம்.
லோக்கலில் நாலாவது ஆளாய் உட்காரச் சண்டை போட்டது
நாலாம் மண்டலம்.
துவைத்தது, மாவரைத்தது எதுவும்
ஒரு மண்டலத்திலும் சேராதாம்.

மார்ச் கடைசி வியாழன்.
குர்லா டெர்மினஸ், ஏழாம் கவுன்ட்டர்.
ஒரு பையன் முன்பதிவுத் தாளைக்
கண்ணாடிக்கடியில் தள்ளினான்.
ஒரே ஒரு பயணி. ஆண். வயது ஐம்பத்தைந்து.
ஆங்கிலப் பெரிய எழுத்தில்,
ஒன்றுகூடச் சாயாமல்,
அந்தப் பெயர்.

மதுரைக்குத் தெற்கே
ஊருக்கு நாலு பேருக்கு அந்தப் பெயர் இருக்கும்.
எனக்குத் தெரியாதா?

மணிக்கட்டு அதிர்ந்தது.
நூற்றிருபத்தொன்று. மூன்றாம் மண்டலம்.
'நடக்கத் தொடங்கிவிட்டீர்கள் போலிருக்கிறது,
பதிவு செய்யட்டுமா?'
முதுகுவலிக்கு வாங்கிய தலையணையைச் சரிசெய்து
நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

"லோயர் பெர்த் வேணும் ஆன்ட்டி, முட்டி வலி."
யாருக்கு முட்டி வலி என்று கேட்கவில்லை.
கேட்கும் கட்டம் அந்தத் தாளில் இல்லை.
கம்ப்யூட்டர் கொடுத்தது சைட் அப்பர்.
அச்சு இயந்திரம் இழுத்துத் துப்பியது.
சில்லறை இருக்கிறதா என்றேன்.
அடுத்த ஆள் வாரணாசிக்கு ஆறு டிக்கெட்.

சாயங்காலம் வைஷாலி வரவில்லை.
கோட்டை அடிவாரத்தில் கடிகாரத்தைக் கழற்றி
இடது கையில் கட்டிக்கொண்டு ஏறினேன்.
உச்சிக்குப் போய்ப் பார்த்தபோது
அடிகள் ஆறாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு என்றது.
நாடிக்கு நேரே
இரண்டு கோடு.
பிரீமியத்துக்கு அடிகள் போதும்.